பெயர் மறைக்கப்பட்ட பெருமகன்: ஸெர்கேய் கொரோலேவ்

மனிதன் பூமியை விட்டு விண்வெளிக்குச் செல்வது பயனுள்ள காரியமா, வீண் ஆடம்பரமா என்னும் கேள்வி வெகு காலம் பிற நாட்டாருடைய கேள்வியாகவே இருந்தது. நம் நாட்டு வீரரை நம் நாட்டு ராக்கெட்டிலேயே அனுப்புவதென 2018-ம் வருஷத்தில் இந்திய சர்க்கார் தீர்மானித்தபின் அது நமது கேள்வியாகவும் ஆகிவிட்டது. அத்திட்டத்திற்கும் அதைத் தொடர்ந்து வரும் காரியங்களுக்குமாக 2024-ம் வருஷத்தில் அநுமதிக்கப்பட்ட தொகை 20,193 கோடி ரூபாய். வைத்தியசாலை போதாத கிராமங்கள் உள்ள தேசத்தில் இத்தொகையைக் கேட்டு ஒரு சாரார் மனம் பதைப்பதில் ஆச்சரியமில்லை. தேசத்தின் கீர்த்தி உயரும் என்று மற்றொரு சாரார் மகிழ்வதிலும் ஆச்சரியமில்லை. இரு சாராரும் பணத்தையும் புகழையுமே தராசின் இரு தட்டுகளில் வைக்கிறார்கள். தராசில் ஏற வேண்டிய வேறொரு பொருளும் உண்டு. அது இன்னதென்பதை, மனிதனை முதன்முதல் விண்வெளிக்கு அனுப்பிய மனிதருடைய சரித்திரம் விளக்கிக் காட்டும்.

யூரி ககாரினை அறியாதவர் இல்லை. அவரை அனுப்பிய ஸெர்கேய் பாவ்லோவிச் கொரோலேவ், தாம் உயிரோடிருந்த காலம் முழுவதும் உலகத்தாருக்குப் பெயரில்லாதவராகவே இருந்தார். ஸோவியத் பத்திரிகைகள் அவரைப் பிரதம நிர்மாணகர்த்தா என்ற பதவிப் பெயரால் மட்டும் குறிப்பிட்டன. அவர் எவர், எங்கே வசிக்கிறார் என்பது ராஜ்ய ரகசியமாகக் காக்கப்பட்டது.

கொரோலேவ் 1907-ம் வருஷம் ஜனவரி மாதம் 12-ந் தேதி உக்ரேனிலுள்ள ஷிட்டோமிர் நகரில் பிறந்தார். தகப்பனார் உபாத்தியாயர். தாய் தந்தையர் விரைவிலேயே பிரிந்துவிட்டமையால் குழந்தை நெஜின் என்னும் ஊரில் தாயைப் பெற்ற பாட்டனார் வீட்டில் வளர்ந்தது. விளையாட்டுத் தோழர் அதிகமில்லாத தனிமையான பால்யம் அது. பின்னர் குடும்பம் கருங்கடற்கரையிலுள்ள ஒடெஸ்ஸாவுக்குக் குடிபெயர்ந்தது. கடல் விமானங்களை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு அங்கே கிடைத்தது. பதினேழு வயதில் யந்திரமில்லாமல் காற்றில் மிதந்து செல்லும் விமானம் ஒன்றை அவர் தாமே சித்திரம் வரைந்து அமைத்தார். அதன் பிறகு கீவ் நகரிலும் மாஸ்கோவிலும் உயர்தரப் படிப்புப் படித்து, புகழ்பெற்ற விமான நிபுணர் டுபோலேவின் மேற்பார்வையில் 1929-ம் வருஷம் பரீட்சை முடித்தார்.

அக்காலத்தில் கலூகா என்னும் சிறு நகரத்தில் ஸியோல்கோவ்ஸ்கி என்ற காது கேளாத பள்ளிக்கூட உபாத்தியாயர், ராக்கெட்டைக் கொண்டு பூமியின் ஆகர்ஷணத்தைக் கடக்க முடியும் என்பதைக் கணித மூலமாக நிரூபித்திருந்தார். படித்தவரில் பலர் அதனைப் பகற்கனவென்று ஒதுக்கினர். கொரோலேவும் ஸாண்டர் என்ற எஞ்சினீயரும் வேறு சில இளைஞரும் 1931-ம் வருஷத்தில் மாஸ்கோவில் ஒரு சங்கம் கண்டனர். அதன் தொழிற்சாலை ஒரு கட்டடத்தின் நிலவறை. ஊதியமில்லாமல் உழைக்கும் எஞ்சினீயர்களின் கோஷ்டி என்று சங்கத்தின் பெயருக்கு அவர்களே பரிகாசமாக விரிவுரை சொல்லிக்கொள்வார்கள். ஸாண்டர் 1933-ம் வருஷம் விஷ ஜுரத்தால் இறந்தார். அவ்வருஷம் ஆகஸ்டு 17-ந் தேதி மாஸ்கோவுக்கு அருகே அவர்களுடைய முதல் ராக்கெட் சுமார் 400 மீட்டர் உயரம் எழும்பிற்று. அந்த உயரத்தைக் கண்டு அவ்விளைஞர் அடைந்த ஆனந்தத்திற்கு அளவில்லை.

சர்க்கார் அவர்களைத் தன் ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் சேர்த்துக்கொண்டது. அதுவே கொரோலேவுக்கு ஆபத்தாய் முடிந்தது. ஸ்டாலினுடைய ஆட்சியில் கைதுகள் மிகுந்த காலம் அது. ஸ்தாபனத்தின் தலைவரும் உதவித் தலைவரும் 1937-ம் வருஷம் கைது செய்யப்பட்டு, மறு வருஷம் ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1938-ம் வருஷம் ஜூன் 27-ந் தேதி கொரோலேவும் கைதானார். அடித்துத் துன்புறுத்திப் பொய்யான குற்றத்தை அவரை ஒப்புக்கொள்ளச் செய்தார்கள். பத்து வருஷத் தண்டனை விதிக்கப்பட்டது. ஸைபீரியாவின் கீழ்க்கோடியிலுள்ள கொலிமா பிரதேசத்தில் மால்டியாக் என்னும் தங்கச் சுரங்கத்தில் அவர் மண் சுமந்தார். குளிரும் பட்டினியும் சொறிகரப்பான் நோயும் அவருடைய பற்களில் பலவற்றைப் பறித்துவிட்டன.

சிறைவாசத்தின் சரித்திரம் நமது வாசகர்களுக்குப் புதிதன்று. ஆனால் அந்நியர் கட்டிய சிறையில் தேசபக்தன் வாடுவது ஒன்று. தான் உழைத்துப் பெருமை தேடிக் கொடுக்கும் சொந்த தேசத்தின் சிறையிலேயே வாடுவது வேறொன்று. முன்னவனுக்கு வெளியே ஒரு ஜனசமூகம் காத்திருக்கிறது. பின்னவனைப் பற்றிப் பேசவும் பிறர் அஞ்சுவார்கள். அந்த அச்சத்திலும் அவருடைய தாயார் விடாமல் விண்ணப்பங்கள் அனுப்பினார். பெயர்பெற்ற விமானிகளான குரோமோவும் கிரிஸொடுபோவா அம்மையாரும் அவருக்காகப் பரிந்து பேசினர். வழக்கு மறுபடி விசாரிக்கப்பட்டு 1940-ம் வருஷம் தண்டனை எட்டு வருஷமாகக் குறைந்தது. சுரங்கத்துக்குப் பதிலாக, கைதிகளான நிபுணர்கள் பூட்டிய கதவுகளுக்குள் விமானங்கள் வரையும் ஒரு காரியாலயத்துக்கு அவரை அனுப்பினார்கள். அங்கே தலைமை வகித்தவர் அவருடைய பழைய ஆசிரியர் டுபோலேவ், அவரும் கைதியே. 1944-ம் வருஷம் கொரோலேவுக்கு விடுதலை கிடைத்தது. அவர்மீது சாட்டிய குற்றம் பொய்யென்று சர்க்கார் ஒப்புக்கொள்ள 1957-ம் வருஷம் வரை ஆயிற்று.

யுத்தம் முடிந்ததும் 1945-ம் வருஷம் அவர் ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டார். லண்டன் மாநகர்மீது ஜெர்மானியர் எய்த வி-2 என்னும் ராக்கெட்டுகளின் மிச்சங்களை ஆராய்வது அவருக்கிட்ட கட்டளை. அவற்றை அமைத்த வான் பிரவுன் அதற்குள் அமெரிக்கரிடம் சரண் புகுந்துவிட்டார். ஒருவர் அமெரிக்காவிலும் மற்றொருவர் ருஷ்யாவிலுமாக, இருவரும் யுத்த மந்திரிகளின் பணத்தில் ராக்கெட்டுகள் செய்தனர். இருவர் உள்ளத்திலும் இருந்தது ஆகாய யாத்திரை.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். மனிதனை விண்வெளிக்குக் கொண்டு சென்ற வாகனம் மனிதனுக்காகச் செய்யப்பட்டதன்று. கொரோலேவின் ஆர்-7 என்னும் ராக்கெட், ஹைட்ரஜன் குண்டைக் கண்டம் விட்டுக் கண்டம் சுமந்து செல்லவே கட்டளையிடப்பட்டது. 1957-ம் வருஷம் முதற் பரீட்சைகள் தோல்வியுற்றன. ஆகஸ்டு 21-ந் தேதி அது வெற்றி பெற்றது. எரிபொருள் நிரப்பவே பல மணி நேரம் பிடித்தமையால் யுத்தக் கருவியாக அது அதிகம் பயன்படவில்லை. விண்வெளி வாகனமாகவோ, அதன் பரம்பரை இன்றும் வழங்கி வருகிறது. குண்டுக்கென்று கொடுத்த பணத்தைக் கொண்டு ஒருவர் கனவை நிறைவேற்றிக்கொண்டது சாமர்த்தியமே. ஆனால் குண்டுக்குப் பணம் கொடுப்பவன் எஜமானனாகவும் இருப்பான் என்பதைப் பின்னால் நடந்தவை காட்டின.

அவ்வருஷம் அக்டோபர் 4-ந் தேதி 83.6 கிலோகிராம் எடையுள்ள ஓர் உலோகப் பந்து பூமியைச் சுற்றலாயிற்று. அதுவே ஸ்புட்னிக் என்னும் செயற்கைச் சந்திரன். அதன் ஒலியை உலகமெங்கும் ரேடியோவில் கேட்டார்கள். பிரதம மந்திரி பதவிக்கு விரைவில் வரவிருந்த குருஷ்சேவ், அதன் அரசியல் மதிப்பைக் கண்டுகொண்டார். புரட்சியின் 40-வது வருஷ விழாவுக்கு இன்னொரு அதிசயம் வேண்டுமென்றார். ஒரு மாதத்துக்குள் இரண்டாவது ஸ்புட்னிக் சித்தமாயிற்று. லைக்கா என்னும் நாய் அதில் ஏற்றப்பட்டது. அதைத் திருப்பிக் கொண்டு வர ஏற்பாடு எதுவும் செய்ய நேரமில்லை. அந்த நாய் பல நாள் உயிரோடிருந்ததாக உலகத்துக்குச் சொன்னார்கள். ஏறிய சில மணி நேரத்திலேயே வெப்பத்தால் அது இறந்துபோன செய்தி 2002-ம் வருஷத்தில்தான் வெளியாயிற்று. விழாவின் தேதிக்காக அவசரப்படுவது, அவசரத்தின் விளைவை மறைப்பது என்னும் இரண்டு வழக்கங்களும் அன்றே தொடங்கிவிட்டன.

கொரோலேவ் தம்மளவில் அவசரக்காரர் அல்லர் என்பதற்கும் சாட்சியம் உண்டு. மனிதனை ஏற்றும் வாகனத்தை 1960-ம் வருஷம் முழுவதும் நாய்களை வைத்துப் பரீட்சித்தார். ஜூலையில் ராக்கெட் வெடித்து இரு நாய்கள் இறந்தன. ஆகஸ்டில் இரு நாய்கள் பத்திரமாகத் திரும்பின. டிசம்பரில் மீண்டும் இரண்டு அழிந்தன. அந்த மாதத்திலேயே அவருக்கு இருதய நோய் கண்டது. 1961-ம் வருஷம் மார்ச்சில் நாயும் மனித உருவப் பொம்மையும் ஏறிய இரண்டு வாகனங்கள் தவறாமல் இறங்கிய பின்னரே ஏப்ரல் 12-ந் தேதி ககாரின் ஏறினார். ஒரு தச்சருடைய குமாரர், 27 வயது வாலிபர், 108 நிமிஷத்தில் உலகத்தை ஒருமுறை வலம் வந்து திரும்பினார். தேச பேதமில்லாமல் மானிட ஜாதி முழுவதும் அன்று தலை நிமிர்ந்தது. அவ்வருஷ முடிவில் அவர் இந்தியாவுக்கு வந்தபோது திரண்ட ஜனக்கூட்டங்களே அதற்குச் சான்று.

அந்த நாளிலும் மறைப்பு இல்லாமலில்லை. திரும்பும்போது வாகனத்தின் பின்பகுதி உடனே கழலாமல் ஒட்டிக்கொண்டு, ககாரின் இருந்த கூண்டு சில நிமிஷம் கட்டுப்பாடின்றிச் சுழன்றது. அன்றியும் அவர் கூண்டிலிருந்தபடியே தரையிறங்கவில்லை. சுமார் ஏழு கிலோமீட்டர் உயரத்தில் வெளியேறித் தனிப் பாராசூட்டில் இறங்கினார். உலக சாதனை என்று பதிவு செய்வதற்கு விமானி வாகனத்தோடு இறங்க வேண்டும் என்னும் விதி இருந்தமையால் இதனைப் பல வருஷம் ஒளித்தார்கள். ஒளிக்காவிட்டாலும் அவருடைய கீர்த்தி அணுவளவும் குறைந்திராது.

1964-ம் வருஷத்தில் நிலைமை இன்னும் மோசமாயிற்று. இருவர் செல்லும் வாகனத்தை அமெரிக்கர் தயாரித்து வந்தனர். அதற்கு முன் மூவரை அனுப்பிவிட வேண்டுமென்ற ஆவல் மாஸ்கோவில் எழுந்தது. மேலிடத்தின் வற்புறுத்தல் எவ்வளவு, கொரோலேவின் சொந்தப் போட்டி மனப்பான்மை எவ்வளவு என்று சரித்திரக்காரர் இன்றும் தர்க்கிக்கின்றனர். ஒருவருக்கென்று செய்த கூண்டிலேயே மூவரை அமர்த்தினார்கள். பாதுகாப்பு உடை அணிய இடமில்லாமையால் அதை அணியாமலே ஏற்றினார்கள். அபாயத்தில் வெளியேறும் ஆசனத்தையும் எடுத்துவிட்டார்கள். அக்டோபர் 12-ந் தேதி சென்ற மூவரும் மறுநாள் பத்திரமாகத் திரும்பியது அதிர்ஷ்டமே. அதற்கு அடுத்த நாள் குருஷ்சேவே பதவியிழந்தார். யாருடைய கீர்த்திக்காக மூன்று உயிர் பணயமாக வைக்கப்பட்டதோ, அவர் அந்தக் கீர்த்தியை ஒரு வாரங்கூட அநுபவிக்கவில்லை.

1965-ம் வருஷம் மார்ச்சு 18-ந் தேதி லியோனோவ் என்னும் வீரர் வாகனத்தை விட்டு வெளியே வந்து சுமார் 12 நிமிஷம் வெட்டவெளியில் மிதந்தார். அவருடைய உடை காற்றால் உப்பி விறைத்துவிட்டது. உள்ளே நுழைய முடியவில்லை. உடையின் காற்றைச் சிறிது சிறிதாக வெளியே விட்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பினார். இறங்கும்போது தானியங்கிக் கருவி பழுதுபட்டு, பனி மூடிய காட்டில் அவரும் துணைவரும் இரண்டு இரவுகள் கழித்தனர். ஸோவியத் ஜனங்கள் கேட்டதெல்லாம் ஜயபேரிகை ஒன்றே.

1966-ம் வருஷம் ஜனவரி 14-ந் தேதி குடலில் நடந்த ரண சிகிச்சையின்போது கொரோலேவ் காலமானார். வயது 59. சிறையில் அடிபட்ட தாடை சரிவரத் திறவாமல் சுவாசக் குழாய் செலுத்தச் சிரமமாயிற்று என்று சொல்லப்படுகிறது. இரண்டு நாளைக்குப் பின் பத்திரிகைகளில் அவருடைய படமும் பெயரும் முதன்முறையாக வெளியாயின. தமக்கு ஆகாயத்தைத் திறந்துவிட்டவர் இன்னாரென்று ஸோவியத் ஜனங்கள் அறிந்துகொண்ட போது அவர் மாஸ்கோ கோட்டைச் சுவரில் ஒரு பிடி சாம்பலாக வைக்கப்படவிருந்தார்.

அவருக்குப்பின் நடந்ததையும் கூறினால்தான் சரித்திரம் முற்றுப்பெறும். அவர் ஆரம்பித்த ஸோயூஸ் என்னும் புதிய வாகனம், மனிதரில்லாத பரீட்சைகளில் தோல்வியுற்றிருந்தும், 1967-ம் வருஷம் ஏப்ரலில் கொமரோவை ஏற்றிச் சென்றது. 24-ந் தேதி பாராசூட் விரியாமல் அவர் தரையில் மோதி மாண்டார். 1971-ம் வருஷம் ஜூன் 30-ந் தேதி மூன்று வீரர் திரும்புகையில் கூண்டின் காற்று வெளியேறிவிட்டது. பாதுகாப்பு உடை அணியாதிருந்தமையால் மூவரும் உயிரிழந்தனர். 1964-ல் அதிர்ஷ்டத்தால் தப்பிய பிழை ஏழு வருஷத்துக்குப் பின் தன் விலையை வாங்கிக்கொண்டது. இது ருஷ்யருக்கு மட்டும் உரிய குற்றமன்று. அமெரிக்கரும் 1986-ம் வருஷம் ஜனவரியில், குளிரின் அபாயத்தை எஞ்சினீயர்கள் முன்னிரவே எச்சரித்திருந்தும், சாலஞ்சர் என்னும் வாகனத்தைச் செலுத்தி ஏழு பேரை இழந்தார்கள். எச்சரிக்கை மேலே எட்டாமற் போவதற்கு எந்த ஆட்சி முறையும் விலக்கன்று. ஆயினும் அங்கே பகிரங்க விசாரணை நடந்தது, குற்றம் வெளியாயிற்று, உலகம் அறிந்தது. அவ்வளவில் அவர்கள் வழி சிறந்தது.

இனி ஆரம்பக் கேள்விக்கு வருவோம். மனிதன் போக வேண்டிய அவசியமென்ன, யந்திரம் போதாதா என்று கேட்பவர் கொரோலேவின் வாழ்க்கையிலிருந்தே பலமான ஆதாரம் காட்டலாம். சந்திரனுடைய மறுபக்கத்தை 1959-ம் வருஷம் படம் பிடித்தது அவருடைய யந்திரமே. பரந்த ருஷ்யாவின் கடைக்கோடிக்கும் டெலிபோனும் டெலிவிஷனும் கொண்டு செல்ல 1965-ல் ஏறிய மோல்னியா என்னும் செயற்கைக் கோளும் அவர் தொழிற்சாலையில் பிறந்ததே. ஜனங்களுக்கு நாள்தோறும் பயன் தருவன இத்தகையவையே. இவற்றில் மனிதன் ஏறுவதில்லை. புயலை முன்னறிவித்து நம் மீனவரைக் காப்பவையும் இவற்றின் சந்ததியே. ஆகவே முதற் சோறு யந்திரத்துக்கே என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

ஆயினும் மறுபக்கமும் உண்டு. 1969 முதல் 1972 வரை சந்திரனுக்குச் சென்ற அமெரிக்கர் 382 கிலோகிராம் கல்லும் மண்ணும் கொண்டு வந்தனர். ருஷ்யருடைய மூன்று யந்திரங்கள் கொண்டு வந்தது மொத்தம் மூன்றில் ஒரு கிலோகிராம் மட்டுமே. அமெரிக்கர் செலவிட்டது 2,500 கோடி டாலர் என்பதும் மெய்யே. 1993-ம் வருஷத்தில் பார்வை பழுதுற்ற ஹப்பிள் தூரதர்சினியை விண்வெளியிலேயே செப்பனிட்டது மனிதர் கைகளே. எதிர்பாராததைக் கண்டு அந்த க்ஷணத்திலேயே யோசிக்கும் கருவி மனிதனையன்றி அன்று வேறில்லை. அதற்கு மேலும் ஒன்று: எங்கோ ஒரு கிராமத்துப் பையன் பிறவியிலேயே தன் எல்லை குறிக்கப்பட்டதென்று எண்ணியிருக்கையில், ஒரு தச்சர் மகன் உலகைச் சுற்றி வந்தான் என்னும் செய்தி அவனுக்குச் செய்யும் உபகாரத்தை ரூபாயில் எழுத இயலாது.

ஆகவே மனிதன் போவது தகும் என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் அது ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. கொரோலேவின் சரித்திரத்தில் வீணானது எது? பரீட்சை பல செய்து ககாரினை அனுப்பியதில் வீண் ஒன்றுமில்லை. விழாவுக்கென்றும் போட்டிக்கென்றும் குறித்த தேதியும், அதற்காகப் புறக்கணித்த எச்சரிக்கையும், பின்னர் சொல்லிய பொய்யுமே வீணாயின. பணம் கொடுக்கும் ஜனங்களும் உயிர் கொடுக்கத் துணியும் வீரரும் உள்ளதை உள்ளபடி அறிந்திருக்கும் வரையில் அது தேசத்தின் யாத்திரை. அவர்களிடம் மறைக்கத் தொடங்கியதும் அது ஆள்வோரின் விளம்பரமாகிவிடுகிறது. தராசில் ஏற வேண்டிய மூன்றாவது பொருள் என்று நாம் முதலில் குறித்தது இந்த உண்மையையே.

நமது தேசத்துக்கும் கொரோலேவுக்கும் உறவு உண்டு. 1984-ம் வருஷம் ஏப்ரல் 3-ந் தேதி ராகேஷ் சர்மாவைச் சுமந்து சென்றது அவர் ஆரம்பித்த ஸோயூஸ். அதைத் தூக்கிச் சென்றது ஆர்-7 பரம்பரையில் வந்த ராக்கெட். நம் விமானப் படையின் நால்வர் 2020, 2021-ம் வருஷங்களில் ககாரின் பெயர் தாங்கிய நிலையத்தில் பயிற்சி பெற்றனர். அவர்களில் ஒருவரான சுபான்ஷு சுக்லா 2025-ம் வருஷம் அமெரிக்க வாகனத்தில் சென்று சர்வதேச நிலையத்தில் தங்கித் திரும்பினார். அபாயத்தில் வீரரைக் காப்பாற்றும் ஏற்பாட்டை 2023-ம் வருஷம் அக்டோபரில் ஸ்ரீஹரிகோட்டாவில் யாவரும் காணப் பரீட்சித்ததும், அவசரத்துக்கு இடங்கொடாமல் தேதிகளைத் தள்ளி வைத்ததும் நல்ல அடையாளங்கள். தேதி தள்ளிப்போனதற்காக விஞ்ஞானிகளை ஏளனம் செய்வோர் கொமரோவை நினைத்துக்கொள்வார்களாக.

பொதுஜன ஊழியத்தில் ஈடுபட்டுள்ள நமது வாசகர்கள் இவ்விஷயத்தில் செய்யத்தக்கது ஒன்றுண்டு. எத்தனை கோடி செலவு என்று கேட்பது நியாயமே, அத்தோடு நிற்கலாகாது. புறப்படும் நாளைக் குறிப்பவர் எஞ்சினீயரா, மேடைப் பிரசங்கியா? தோல்வியுற்ற பரீட்சையின் அறிக்கை ஜனங்களுக்குக் கிடைக்கிறதா? வேண்டாம் என்று சொல்லும் சிறு உத்தியோகஸ்தனுடைய குரல் மேலே எட்டுகிறதா? இக்கேள்விகளைச் சட்டசபைகளிலும் பொதுக்கூட்டங்களிலும் சலியாமல் கேட்க வேண்டும். இவற்றிற்கு நேரான விடை கிடைக்கும் தேசத்தில் வீரன் அச்சமின்றி ஏறலாம். ஏழையும் மனக்குறையின்றித் தன் பங்கைக் கொடுக்கலாம். கொரோலேவுக்கு அத்தகைய தேசம் வாய்க்கவில்லை. நமக்கு வாய்க்கச் செய்வது நம் கையில் இருக்கிறது.